தில்லியில் மூக்கடைப்பும் இழுப்பும்

தில்லியில் ஆஸ்துமா நோயாளி நெஞ்சைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவது குறைவு. "நஜ்லா" என்பார் இந்திக்காரர், சளித்தொல்லை என்று பொருள். "சைனஸ் சார், தலை பாரமா இருக்கு, ராத்திரியானா மூக்கு அடைச்சுக்குது" என்பார் ஆர்.கே.புரத்துத் தமிழர். வாயைத் திறந்துகொண்டு தூங்குவதையும், விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு இருமல் எழுப்பிவிடுவதையும், தொண்டைக்குள் சளி இறங்கிக்கொண்டே இருப்பதையும் சொல்வார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பது எல்லாம் முடிந்து நாற்காலியை விட்டு எழும்போதுதான் வரும். பழகிய நெஞ்சக மருத்துவர் அதற்காகவே காத்திருப்பார். அவருக்கு வேண்டிய செய்தி அதில்தான் இருக்கிறது.

பெரிய மருத்துவமனைகளில் மூக்குக்கு ஒரு மாடி, நெஞ்சுக்கு வேறொரு மாடி. நோயாளியின் பையில் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்றில் மூக்கு ஸ்பிரே, மற்றதில் இன்ஹேலர். இந்தச் சீட்டை எழுதியவர் அந்தச் சீட்டைப் பார்த்திருக்க மாட்டார். உடம்பு அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. மூக்குத் துவாரத்தில் தொடங்கி நுரையீரலின் சிறு குழல்கள் வரை போவது ஒரே பாதை. உள்ளே படர்ந்திருக்கும் சவ்வும் ஏறக்குறைய ஒன்றே. மேலே ஒவ்வாமையால் வீங்கினால் கீழேயும் கிளர்ச்சி உண்டாகிறது. மூக்கு அடைத்தவர் வாயால் மூச்சு இழுக்கிறார். காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடித்து அனுப்பும் வேலை நடக்காமல், ஜனவரி மாதத்து ஐந்து டிகிரிக் காற்று நேரே மார்புக்குள் போகிறது. ஆஸ்துமாக்காரர்களில் 80 சதவீதம் பேர் வரை மூக்கு ஒவ்வாமையும் உள்ளவர்கள் என்று ஏரியா என்ற சர்வதேச வழிகாட்டி 2001-இல் எழுதியது. அதற்குப் பிறகும் மாடிகள் இரண்டாகவே இருக்கின்றன.

தில்லியில் நெஞ்சக மருத்துவம் காசநோயின் நிழலில் வளர்ந்தது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் வல்லபபாய் படேல் நெஞ்சக நிறுவனம் 1949-இல் உருவானபோது, மூச்சுக் கோளாறு என்றால் ஜனங்களுக்கு டி.பி.தான். அதன் முதல் இயக்குநர் ராமன் விஸ்வநாதன், இந்திய நெஞ்சக மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படுபவர். பின்னாளில் இயக்குநராக இருந்த ஏ.எஸ்.பெயிண்டல், நுரையீரலின் நுண்குழாய்களை ஒட்டியிருக்கும் ஜே உணர்விகளைக் கண்டறிந்தவர். நுரையீரலில் நீர் கோத்தால் அவை தூண்டப்பட்டு, மூச்சு வேகமாகி, திணறல் என்ற உணர்வு எழுகிறது. மூச்சுத்திணறல் என்பது பிராணவாயுக் கணக்கு மட்டுமல்ல, நரம்பு வழியே எழும் ஓர் உணர்வும்கூட என்பது இங்கே நினைவில் வைக்கத்தக்கது. அது பிறகு, ஒரு பெருந்தொற்றுக் காலத்தில், தேவைப்பட்டது.

1970களிலும் 80களிலும் இரவு அவசரப் பிரிவில் இழுப்போடு வந்து உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது அமினோபிலின் ஊசி. பெரிய சிரிஞ்சை நரம்பில் வைத்துப் பத்து இருபது நிமிடம் மெல்ல மெல்லத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் நோயாளிக்கு வாந்தி, படபடப்பு, சில சமயம் அதைவிட மோசம். பயிற்சி மருத்துவர் ஒரு கையில் சிரிஞ்சும் மறு கையில் நாடியுமாகக் கட்டிலோரம் நிற்பார். வீட்டுக்குப் போகும்போது டெரிஃபிலின் மாத்திரை. மூக்குப் பக்கமோ இன்னும் கடுமை. கன்னக் குழியில் சீழ் கட்டியிருந்தால் மூக்கின் பக்கச் சுவரில் தடித்த ஊசியைக் குத்தி, உப்புநீர் பாய்ச்சி, கீழே பிடித்த தட்டில் சீழை இறக்குவார்கள். நோயாளிகள் அதை "பஞ்சர்" என்றே சொன்னார்கள். ஒருமுறை செய்துகொண்டவர் மறுமுறை சுலபத்தில் வர மாட்டார். எண்டோஸ்கோப் குழல் வந்து சைனஸின் இயற்கையான வாசலையே திறந்துவிடும் முறை பரவிய பிறகுதான் அந்த ஊசி ஓய்ந்தது.

இந்த வைத்தியத்தின் முன்கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ஊமத்தையைப் புகைத்து இழுப்பைத் தணிக்கும் நாட்டு வழக்கத்தை மதராஸில் இருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் பார்த்துக் கையாண்டார். ஜெனரல் ஜென்ட் என்ற அதிகாரி 1802-இல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். ஆஸ்துமா சிகரெட் என்ற விநோதம் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் அங்கே விற்றது. இன்று நெபுலைசரில் ஊற்றும் இப்ராட்ரோபியம், ஊமத்தையில் இருக்கும் அட்ரோபினின் வழிவந்த மருந்துதான்.

இன்ஹேலர் வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. மூச்சுக்குழலைத் தளர்த்தும் சால்பூட்டமால் 1969-இல் சந்தைக்கு வந்தது. வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் 1972-இல். தில்லி ஜனங்கள் இரண்டுக்கும் "பம்ப்" என்று ஒரே பெயர் வைத்தார்கள், அதற்குப் பயந்தார்கள். பம்ப் பழகினால் விடாது, கடைசி கட்டத்தில்தான் பம்ப் என்ற பேச்சு இன்றைக்கும் ஓயவில்லை. கல்யாணம் நிச்சயமான பெண்ணின் கைப்பையில் இன்ஹேலர் இருக்கக்கூடாது, மாத்திரை இருக்கலாம். அதனால் மாத்திரை வென்றது. பெயர் இல்லாத பொட்டலங்களில், பொடித்துக் கலந்த ஸ்டீராய்டை "தமா" (இந்தியில் இழுப்பு) மருந்து என்று வாங்கி வருஷக்கணக்காகத் தின்றவர்கள் உண்டு. முகம் உப்பி, சர்க்கரை ஏறி, கண்புரை விழுந்து, எலும்பு நொறுங்கி வருவார்கள். மூச்சு மட்டும் நன்றாக இருந்தது என்பார்கள். ஜூன் மாதம் மிருகசீரிஷக் கார்த்தி நாளில் ஹைதராபாத்துக்கு ரயிலேறி, உயிருள்ள விரால் மீனோடு விழுங்கத் தரும் மருந்தை உண்டு வந்தவர்களும் உண்டு. மீன் மருந்தைவிட, அதை நம்பி இன்ஹேலரை நிறுத்தியதுதான் அவர்களுக்கு வினையானது.

பம்பை ஒப்புக்கொண்டவர்களிடமும் ஒரு சோதனை பாக்கி இருக்கும். "எப்படி எடுக்கிறீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேட்பதுதான் அது. ஸ்டெதஸ்கோப்பைவிட இந்தக் கேள்வி பலமுறை உதவியிருக்கிறது. ஒருவர் மூடியைக் கழற்றாமலே அழுத்துவார். ஒருவர் வாய்க்கு நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்து வாசனைத் திரவியம்போல அடித்துக்கொள்வார். ஒருவர் அழுத்திவிட்டு நிதானமாக மூக்கால் மூச்சை இழுப்பார். வாயிலிருந்து வெள்ளைப் புகை வெளியே வந்து கலையும். அந்தப் புகைதான் மருந்து. பொடி மருந்து கேப்சூல் வந்த காலத்தில் அதைத் தண்ணீர் குடித்து விழுங்கியவர்கள் பலர். இரண்டு மாதம் விழுங்கிவிட்டு, பலனில்லை என்று திட்டிக்கொண்டே திரும்பி வந்தவரிடம், அதைச் செருகி உறிஞ்சும் சின்னக் கருவியைக் கடைக்காரர் தரவே இல்லை என்பது விசாரித்தால் தெரியும்.

சரியான முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. குலுக்கி, மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் மூச்சை முழுக்க வெளியேவிட்டு, உதட்டால் இறுக்கிக் கவ்வி, மெல்ல இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, இழுத்து முடித்துப் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும், குரல் கம்மும். கை அழுத்துவதும் மூச்சு இழுப்பதும் ஒத்துவராத குழந்தைக்கும் முதியவருக்கும் ஸ்பேசர் என்ற நடுக்குழல் போதும். அதற்கும் காசில்லாத வீட்டில் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்குத் துளை போட்டால் வேலை நடக்கும். தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் இதைக் குழந்தைகளிடம் சோதித்து 1999-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது.

மூக்கு ஸ்பிரேயிலும் இதே கதை. தலையை அண்ணாந்து, நேர் மேலே குறிவைத்து அடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் வரும். தலையைச் சற்றே குனிந்து, வலது கையால் இடது துவாரத்துக்கும் இடது கையால் வலது துவாரத்துக்கும், முனை வெளிக் காதைப் பார்க்கும்படி சாய்த்து அடிக்க வேண்டும். ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் தர ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே "கேட்கவில்லை" என்று விட்டவர்கள், அடுத்த நிமிடமே திறக்கும் சொட்டு மருந்துக்குப் போவார்கள். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகைச் சொட்டுகளைத் தொடர்ந்து நாலைந்து நாளுக்கு மேல் விடக்கூடாது. விட்டால் மருந்து இறங்கியதும் முன்னைவிட அதிகமாக அடைக்கும். அடைப்புக்குச் சொட்டு, சொட்டால் அடைப்பு என்று ஐந்து வருஷமாகத் தலையணைக்கடியில் குப்பி வைத்துத் தூங்கியவர்கள் தில்லியில் ஏராளம். அதிலிருந்து மீட்பதற்கு ஒரு துவாரத்தை முதலில் நிறுத்தி, மற்றதைப் பிறகு நிறுத்தும் உபாயம் சிலருக்குப் பலித்தது.

மூக்கைக் கழுவுவது ஜலநேதி என்ற பெயரில் வடக்கே பழைய பழக்கம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி அயோடின் கலக்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. நீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக்கூடாது, அதிலிருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூளைக்கு ஏறினால் பிழைப்பது அரிது. புகைமூட்ட நாளில் வெளியே போய்வந்தவுடன் கழுவுவதில் பலன் உண்டு. ஆவி பிடிப்பதைப் பற்றி இதே அளவு நல்ல வார்த்தை சொல்ல முடியாது. அடைப்பு ஒரு மணி நேரம் இளகும், அவ்வளவுதான். கொதிநீர்ப் பாத்திரம் சரிந்து வெந்துபோன குழந்தைகளைத் தீக்காயப் பிரிவில் பார்த்தவர்கள் அதைச் சிபாரிசு செய்யத் தயங்குவார்கள். நெற்றியில் பற்றுப் போடும் நீர்க்கோவை மாத்திரை தலைபாரத்துக்கு இதமாக இருக்கும் என்பவர்கள் உண்டு. இழுப்புக்கு அது மருந்தில்லை.

தில்லிக்கென்று ஒரு நோய்ப் பஞ்சாங்கம் உண்டு. பிப்ரவரி கடைசியிலிருந்து ஹோலிவரை மகரந்தம். சில்பில் மரம் இலையுதிர்த்து நிற்கும்போதே பூத்துத் தூள் பறக்கும். தொடர்ந்து சீமைக் கருவேலம். ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போடும் அதே மரம், புது தில்லி கட்டிய காலத்தில் வெள்ளைக்காரர்கள் ரிட்ஜ் குன்றுகளில் நட்டு, இன்று அந்தக் காட்டையே பிடித்துக்கொண்டது. ஊரில் அதனோடு வளர்ந்து தும்மாதவர்கூட இங்கே வந்து மூன்றாம் வசந்தத்தில் தும்மத் தொடங்குவதுண்டு. மே மாதம் "ஆந்தி" என்ற புழுதிக் காற்று. அப்போது ஜன்னலில் கூலர் ஏறும். அதன் வைக்கோல் போன்ற மரச்சீவல் மெத்தையைப் போன வருஷத்ததாகவே விட்டால், முதல் நாள் ஓட்டும்போதே பூஞ்சை அறை முழுக்க இறையும். ஜூலை ஆகஸ்டில் சுவர்ப் பூஞ்சை. அக்டோபர் கடைசியில் புகை.

பூஞ்சையிடம் சற்று நிற்க வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு ஒவ்வாமை கொண்ட சில ஆஸ்துமாக்காரர்களுக்கு நுரையீரலில் அவ்வப்போது நிழல் விழும், பழுப்பு நிறத்தில் கெட்டிச் சளி வரும், குழல்கள் விரிந்து பழுதாகும். சைனஸிலும் அதே பூஞ்சையின் கோந்து போன்ற அடைசல் இருக்கலாம். 1952-இல் இங்கிலாந்தில் முதலில் விவரிக்கப்பட்ட இந்த நோய், எக்ஸ்ரே நிழலைப் பார்த்தவுடன் டி.பி. என்று முடிவுகட்டும் நாட்டில் எத்தனையோ பேருக்குக் காசநோய் மருந்தை ஆறு மாதம், ஒரு வருஷம் தின்ன வைத்தது. சளியில் கிருமி இல்லை, மருந்து முடிந்தும் நிழல் இடம் மாறுகிறது, கூடவே இழுப்பும் மூக்கடைப்பும் என்றால், ஒவ்வாமையைக் காட்டும் ஐ.ஜி.இ. ரத்தப் பரிசோதனை கேட்கத் தோன்ற வேண்டும். கேட்காமல் விட்டதற்கு ஒவ்வொரு மூத்த மருத்துவரிடமும் ஒரு கதையாவது இருக்கும்.

வலி மாத்திரையால் வரும் வகை இன்னொன்று. மூக்குக்குள் திராட்சைக் குலைபோல சதை வளர்ச்சி, வாசனை அறவே தெரியாமை, ஆஸ்துமா மூன்றும் சேர்ந்தவர், தலைவலிக்கு ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபனோ போட்ட ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டி வருவார். தலைபாரம் சைனஸால், மாத்திரை தலைபாரத்துக்கு, தாக்குதல் மாத்திரையால். சீட்டின் முதல் வரியில் சிவப்பு மையில் எழுதிவைக்க வேண்டிய செய்தி இது.

புகைக்கு வருவோம். 1990களில் ஐ.டி.ஓ. சந்திப்பில் பேருந்துக்கு நின்றுவிட்டு மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாகும். உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் இட்ட உத்தரவால் 2002 முடிவதற்குள் நகரப் பேருந்துகள் டீசலை விட்டு சி.என்.ஜி.க்கு மாறின. கறுப்பு குறைந்தது கண்கூடு. அடுத்த சில ஆண்டுகளில் வாகனங்கள் பெருகி, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் அந்த லாபத்தைத் தின்றது. நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் பஞ்சாபும் ஹரியானாவும் நெல் நடவை ஜூனுக்குத் தள்ளிச் சட்டம் செய்தன. அறுவடையும் அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க அவகாசமில்லாத விவசாயி தாளைக் கொளுத்துவதும், காற்று அசையாமல் தரையோடு படியும் பருவமும், தீபாவளியும் ஒரே பதினைந்து நாளில் வந்து சேர்ந்தன. 2016 நவம்பர் முதல் வாரத்தில் மாநகராட்சிப் பள்ளிகளை மூடினார்கள். அந்த வாரத்தோடு நோயாளிகளின் பேச்சும் மாறியது. அதுவரை "பனி" என்றவர்கள், "இன்று 450" என்று காற்றுத் தரக் குறியீட்டைச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அந்தக் குறியீடு 500-உடன் நின்றுவிடுகிறது. காற்று அங்கே நிற்பதில்லை. நுண்துகளுக்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தினுடையது 15.

வீட்டுக்குள்ளிருக்கும் புகையை யாரும் எண்ணுவதில்லை. காவலாளி மூட்டும் விறகு, குளிருக்கு அறைக்குள் வைக்கும் அங்கீட்டி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ராத்திரி கொசுவர்த்தி. ஒரு கொசுவர்த்திச் சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பல்லாயிரம் ரூபாய்க்குக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கி, அதன் பக்கத்திலேயே சுருளைக் கொளுத்திவைத்த வீடுகளும் உண்டு. சுத்திகரிப்பான் கதவு சாத்திய படுக்கையறையில் உதவும், கூடத்தில் உதவாது. துணி முகமூடி தூசிக்கு. நுண்துகளுக்கு முகத்தோடு படியும் என்-95 வேண்டும்.

கோவிட் இரண்டைக் கற்றுத் தந்தது, இரண்டும் அரைகுறையாக. ஒன்று, விரல் நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். 97 காட்டுகிறதே என்று இரவு முழுக்க இழுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள். ஆஸ்துமாத் தாக்குதலில் எண் கடைசியில்தான் சரியும்; திணறல் அதற்கு வெகு முன்பே உண்மையைச் சொல்லிவிடும். ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டர்தான் ஆஸ்துமாவுக்கு உரிய அளவுகோல். தன் சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே எச்சரிக்கை, 50-க்குக் கீழே அபாயம். இரண்டாவது, 2021 மே மாதத்துக் கறுப்புப் பூஞ்சை. கோவிட்டுக்குக் கொடுத்த ஸ்டீராய்டின் மேல் அதற்கான பழி விழுந்தது. ஸ்டீராய்டு என்ற சொல்லே விஷமாகி, மூக்கு ஸ்பிரேயையும் இன்ஹேலரையும் சேர்த்து நிறுத்தியவர்கள் அந்தக் குளிர்காலத்தில் வார்டை நிறைத்தார்கள். தாக்குதலுக்குக் கொடுக்கும் 40 மில்லிகிராம் பிரெட்னிசலோன் மாத்திரை, 200 மைக்ரோகிராம் இன்ஹேலர் இழுப்பைப் போல எடையில் 200 மடங்கு என்று காகிதத்தில் பெருக்கிக் காட்டினால்தான் சிலர் நம்பினார்கள்.

உலக ஆஸ்துமாக்காரர்களில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில்; ஆஸ்துமா மரணங்களிலோ 40 சதவீதத்துக்கு மேல் இங்கே. காற்று மட்டும் இதற்குக் காரணமில்லை. தினமும் எடுக்கவேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை விட்டு, உடனே திறக்கும் சால்பூட்டமாலை மட்டும் பையில் வைத்திருப்பதுதான் பெருங்காரணம். வருஷத்துக்கு மூன்று சால்பூட்டமால் குப்பி தீர்ந்தால் நோய் கைமீறுகிறது. மாதம் ஒன்று தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து. சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி கினா 2019-இல் சால்பூட்டமாலை மட்டும் தனியே தருவதையே வேண்டாமென்று விட்டது. இன்ஹேலரின் நிறத்தைப் பார்த்து இது தடுப்பது, இது திறப்பது என்று முடிவுசெய்யவும் முடியாது. பெயரைப் படிக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடியவில்லை, விலா இடுக்கு உள்வாங்குகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால், ஸ்பேசர் வழியே சால்பூட்டமாலை ஒவ்வொன்றாக நான்கு முதல் பத்து முறை கொடுத்துக்கொண்டே 102-க்கோ 112-க்கோ கூப்பிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

தில்லித் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் நாலாம் நாளே மூக்கு திறந்துகொள்ளும், இருமல் நிற்கும், ஸ்பிரேயும் இன்ஹேலரும் பெட்டியின் அடிக்குப் போகும். ஜூனில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் முப்பது மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து திரும்புகையில், ஆக்ரா தாண்டியதும் யாராவது ஒருவர் இருமத் தொடங்குவார். ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்தினால் அதன் காப்பு சில வாரங்களில் கரைந்துவிடும். மறுபடி தொடங்கினால் பழைய நிலைக்கு வரவும் சில வாரங்கள் பிடிக்கும். நவம்பருக்கான மருந்தைச் செப்டம்பரிலேயே தொடங்கிவிட வேண்டும்.